கதவு பூட்டு

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
கீழக்கரையைப் படிக்கிறேன்,
வடக்குத் தெருவில் தொடங்கி
கடல் முடிக்கச் சொல்லும் இடம் வரை.
ஊரைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.
என்னிடம் யூனிட் கணக்குதான்.

இங்கே அட்டைகளில் பெண்கள் பெயர்.
வீடு மகளுக்கு, மின்சாரமும் மகளுக்கு.
மாப்பிள்ளைமார் விருந்தாளிபோல்
ஷார்ஜாவிலிருந்து வந்து
ஏசியை ஏற்றிவிட்டுப் போகிறார்கள்.

சேர்ந்த புதிதில் கேட்டேன்,
நோன்பு மாதத்தில் யூனிட் ஏன் கூடுகிறதென்று.
"ஸஹருக்கு முழிச்சுப் பாரும்மா"
என்றார் ரஹ்மத்து நாச்சியார்.
மறுநாள் தூக்குவாளியில் கஞ்சி வந்தது,
பதில் சூடாக இருந்தது.

தடைக்காலத்தில் நோன்பிருப்பது
ஐஸ் கம்பெனி மீட்டர்.
அந்தோணி சந்தியாகு வீட்டு நட்சத்திரம்
பொங்கல் தாண்டியும் எரியும்,
இறக்க ஏணி இல்லையாம்.
மண்டபம் முகாமில் பிறந்த தையல்கார அக்கா
இன்னும் "லைற் பில்" என்பார்.
தங்கபாண்டி கடையில் மூன்று ஃப்ரிட்ஜ்;
பீடி, பருப்பு, ரீசார்ஜ் எல்லாவற்றுக்கும்
இந்தியில் விலை சொல்லப் பழகிவிட்டார்.
பின்கட்டு அறையில் பதினோரு ஒடிசாக்காரர்கள்,
இரண்டு விசிறி.

பள்ளிவாசல் மீட்டர் பெட்டியைவிட
அம்மன் கோயில் பெட்டி முந்தி இற்றுப்போனது.
கடலுக்கு முப்பதடி பக்கம்,
வேறு காரணமில்லை.

நாலு வருடமாய்ப் பூட்டிய வீடு ஒன்று.
செய்யது ஃபாத்திமா, ஹாங்காங்.
மீட்டர் வெளிச்சுவரில் என்பதால் படிக்க முடிகிறது.
ஒன்பது யூனிட். அடுத்தமுறை பதினொன்று.
ஆளில்லாத வீட்டில்
சிவப்புப் புள்ளி இமைத்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் பொழுதுசாய அந்தப் பக்கம் போனேன்.
வாசல் பிளக்கில் போனைச் சொருகி
குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்
ஐஸ் கம்பெனி பிபூதி.
எனக்குப் புரியாத பாஷையில் யாரையோ கெஞ்சிக்கொண்டு,
ஒரு கையால் சுவர் உப்பை உரித்துக்கொண்டு.
என்னைப் பார்த்ததும் வயரைப் பிடுங்கினான்.
பேச்சு பாதியில் அறுந்தது.

திருட்டுக்குத் தனிப் படிவம் உண்டு.
எழுதுமுன்
ஹாங்காங்குக்கு ஒரு தகவல் போட்டேன்.
ராத்திரி குரல் வந்தது:
"அந்தச் சுவிட்சை அணைக்காமத்தான் வந்தேன் தங்கச்சி.
என் வாசல்ல யாராவது
பேசிக்கிட்டு இருக்கட்டுமே."

நூறு யூனிட் வரை இலவசம்.
அரசுக்கு நட்டம், எனக்கு வேலை மிச்சம்.
பதினொன்று என்று எழுதினேன்.

கடைசி பஸ்ஸில் பரமக்குடி.
என் வீட்டு மீட்டர் உள்ளே, நடையில்.
அட்டை கதவிடுக்கில் செருகியிருந்தது.
யாரோ சக ஊழியர்,
அவசரக் கையெழுத்து:
கதவு பூட்டு.
போன மாதங்களுக்கும் அதுவே.

சாவியைத் தேடியபடி
கொஞ்சநேரம் வாசலில் நின்றேன்,
எத்தனை யூனிட் இருப்பேனென்று
யாருக்கும் தெரியாமல்.