இலிஜாவில் ஏழு நிமிடம்

சரயேவோவின் மேற்கே கடைசி நிறுத்தம் இலிஜா.
ட்ராம் வளையத்தைச் சுற்றி நின்றதும்
அட்டவணை எனக்கு ஏழு நிமிடம் தரும்.
இருபத்திரண்டு வருடமாக
அந்த ஏழு நிமிடத்துக்கு ஒரு நீளம் இருந்தது,
என் விரல் இடுக்கில் அதைப் பார்க்கலாம்.
சாம்பல் இவ்வளவு என்றால் இன்னும் மூன்று.
பஞ்சு சுட்டால் ஏறு, மணியடி, கதவை மூடு.

இன்று பத்தொன்பதாம் நாள்.
ஏழு நிமிடம் எவ்வளவு பெரிய மைதானம் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

முதல் வாரம் முன்கண்ணாடியைத் துடைத்தேன்.
மறுபடி துடைத்தேன்.
சூரியகாந்தி விதை கொறித்துத் தொலியையெல்லாம்
சீருடைப் பையில் நிரப்பினேன்.
க்ராஸில் இருக்கும் என் மகன் எல்வெதினுக்கு
காலை பத்து மணிக்கு ஃபோன் போட்டு
சாப்பிட்டாயா என்றேன்.
யார் செத்துப்போனார்கள் அம்மா, என்றான்.

புகை விட்டவள் நான்,
இப்போது புகையை விட்டவள்.
இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் எழுத்து
ரயில்வே கேட் மாதிரி இறங்கி நிற்கிறது.
காப்பி கொதிக்கும் வாசனைக்கே
அது தானாக மேலே போகப் பார்க்கிறது.

ஏன் விட்டாய் என்கிறார்கள்.
சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை, எக்ஸ்ரே சுத்தம்.
ஜனவரியில் ஓர் இரவு, பெட்டி காலி.
நைட்டிமேல் கோட்டை மாட்டிக்கொண்டு
முழங்கால் பனியில் பெட்ரோல் பங்க் வரை நடந்தேன்.
கடைப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல்
என் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான்.
நான் இன்னும் வாயே திறக்கவில்லை.
வாங்கினேன். வழியிலேயே இரண்டு பிடித்தேன்.
கோபம் வர மூன்று மாதம் ஆயிற்று.

முற்றுகை நாட்களில் அப்பாவுக்குச் சிகரெட்தான் சம்பளம்.
எண்ணி எண்ணி மாவுக்கு மாற்றுவார்,
எண்ணெய்க்கு, ஒரு தடவை மூன்று முட்டைக்கு.
எனக்குப் பதினான்கு வயது.
நிலவறைப் படிக்கட்டில் உட்கார்ந்து இருமி இருமி
என் முதல் சிகரெட்டை, அதாவது
அரை ரொட்டியைப் புகைத்து முடித்தேன்.
அவருக்கு இன்றுவரை தெரியாது.
எண்ணத் தெரிந்த மனிதர்,
தெரியாமலா இருந்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள் இங்கே கதவு திறந்ததும்
அழுகிய முட்டை நாற்றம்.
இருக்கைக்கு அடியில் குனிந்து தேடினேன்.
அடுத்த வண்டி ஓட்டும் ஃபஹ்ரோ
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்:
கந்தக ஊற்று, மேவ்லிதா!
ரோமானியர் குளித்த காலத்திலிருந்து நாறுகிறது!
நாளைக்கு எட்டு தடவை வருகிறேன் இங்கே,
இருபத்திரண்டு வருடமாக.
திரும்பி வந்த மூக்கு
முதன்முதலில் என் காலடியில் கொண்டுவந்து போட்டது இதைத்தான்,
எலியைக் கவ்வி வரும் பூனை மாதிரி,
அவ்வளவு பெருமையோடு.

அதன் பிறகு வந்தன மற்றவை:
நனைந்த கம்பளிக் கோட்டுகள், பிரேக்கின் சுட்ட மணல்,
மூன்றாம் வரிசையில் யாரோ உரித்த ஆரஞ்சு.
என் தலையணை.
அதைப் பற்றி வேண்டாம்.

லைட்டர் இன்னும் பையில்தான் கிடக்கிறது,
தூக்கிப்போட மனம் வரவில்லை.
இன்று காற்று. ஃபஹ்ரோ தீ கேட்டான்.
கொளுத்தி, இரண்டு கையாலும் குவித்து மறைத்தேன்;
கை ஒன்றையும் மறக்கவில்லை.
மரியாதைக்காரன், முகத்தைத் திருப்பி
அந்தப் பக்கமாக ஊதினான்.

நான் மெல்ல நகர்ந்து
அந்தப் பக்கம் போய் நின்றேன்.

மணி பார்த்தேன்.
இன்னும் நான்கு நிமிடம்.