நட்சத்திரக் குறியிட்டவை கட்டாயம்

காட்பாடியில் ரயிலிறங்கி
ஸ்கேன் உறையோடு வருகிறவர்களுக்கு
ஒரு ஜன்னல் வேண்டும் என்றார் லாட்ஜ் முதலாளி.
காற்று வருகிற ஜன்னல் இல்லை.
வரவேற்பு மேசைக் கணினியில்
பெயர் வாங்கிக்கொண்டு அறை கொடுக்கிற ஜன்னல்.

சத்துவாச்சாரி மாடியறை. பங்குனி.
விசிறி வெந்நீர் இறைத்தது.
எக்ஸ்எம்எல் எழுதினேன்:
பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி.
திறந்த குறி ஒன்றை மூட மறந்தால்
திரையில் ஒன்றும் வராது,
நாற்பத்தேழாம் வரி என்று மட்டும் சொல்லும்.
தோற்றம் ஒரு கோப்பில், வேலை வேறொன்றில்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான்
அது இதற்கு எழுந்து வரும்.

'மொழி' என்ற கட்டத்துக்கு
கோப்பில் ழகரத்துக்கு இசட் எச் போட்டிருந்தேன்,
நிரலில் வெறும் எல்.
கூப்பிட்டேன் கூப்பிட்டேன், ஆளே இல்லை.
அரை நாள் அதிலேயே போயிற்று.
"இன்னா மொயியோ போ" என்று சிரித்தாள் எப்சிபா.
மேசை அவளுடையது.
வங்காளி, அசாமி, நேபாளி
மூன்றும் சாவி கொடுக்கிற அளவுக்குத் தெரியும்.

சித்திரை முடிந்து மீதிப் பணத்துக்குப் போனேன்.
திரையில் பிளாஸ்டர்.
ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டுவார்களே,
அந்த வட்டப் பிளாஸ்டர்.
அதற்கடியில் நான் வைத்த சிவப்பு நட்சத்திரம்,
பக்கத்தில் 'காலி செய்யும் தேதி'.

"போடாம வுட்டா உள்ளயே வாங்கமாட்டேங்குது.
அவங்கள கேட்டா
வாசப்பக்கம் திரும்பிப் பாக்கறாங்க.
நான் நாளைக்குன்னு போட்டுடறேன்.
தெனமும் ஒருக்கா மாத்தணும், அவ்ளோதான்."
பன்னிரண்டாம் அறையைச் சொடுக்கிக் காட்டினாள்.
நாற்பத்தொரு நாளைக்கு.

அங்கேயே நின்றபடி கோப்பைத் திறந்தேன்.
நிரலில் கை வைக்கவில்லை.
கட்டாயம் என்ற இடத்தில் இல்லை என்று ஒரு சொல்,
தெரியும் என்ற இடத்தில் இல்லை என்று ஒரு சொல்.
கட்டம் இருக்கும், கண்ணில் படாது.

மூடித் திறந்தாள்.
கீழே இருந்தவை ஒரு வரி மேலேறி
இடத்தை அடைத்துக்கொண்டன,
நான் அடுக்கிய முறை அப்படி.
பிளாஸ்டர் மட்டும் நகரவில்லை.
இப்போது அதற்கடியில் 'வாடகை'.

பிய்த்துவிடவா என்று நகத்தை வைத்தேன்.

"இருக்கட்டும் சார்.
மொதலாளி வர்ற வரைக்கும்
இருக்கட்டும்."