கால் மாத்திரை

கன்டீரவா மைதானத்தில்
நூறு மீட்டர் தொடங்குகிற முனையில்
என் வேலை ஓர் அட்டை.
குறுக்காக வெட்டிய சிவப்பு, கறுப்பு.
மற்ற நாட்களில் ஜெயநகர் கிளையில் நகைக்கடன் கவுண்டர்.
அங்கே மில்லிகிராம்
இங்கே மில்லிநொடி.

இருபது வயதுக்கு உட்பட்ட பெண்கள், இரண்டாம் அரையிறுதி.
மதியத்து மழையை உருளையால் தள்ளி முடித்திருந்தார்கள்.
கப்பன் பூங்காப் பக்கமிருந்து
ஈரத் தூங்குமூஞ்சி மரங்களின் வாசம்,
கஸ்தூர்பா சாலையிலிருந்து
பச்சை விழுமுன்னே அடிக்கிற ஹாரன்கள்.

எட்டுத் தடம். எட்டு பிளாஸ்டிக் கூடை.
மேல்சட்டை, தண்ணீர் பாட்டில்,
முன்பல் பட்ட வாழைப்பழம்,
கழற்றி வைத்த வெள்ளி மோதிரம்
எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு
பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக
முடிவுக்கோட்டுக்குப் போனார்கள்.
இனி உடுப்பு வேண்டுமென்றால்
ஓடித்தான் போக வேண்டும்.

ஆறாம் தடம், கிர்கிஸ்தான், அய்பெரி.
அறிவிப்பாளர் அவள் பெயரை மூன்று விதமாகச் சொன்னார்;
மூன்றுக்கும் கை தூக்கினாள்.

திம்மே கௌடர் 'செட்' சொன்னார்.
எட்டு இடுப்புகள் எழுந்தன.
வெடி.
உடனே இன்னொரு வெடி.

காதில் கேட்டு, மூளை சொல்லி, கால் அசைய
நொடியில் பத்திலொன்றாவது ஆகுமாம்.
அதற்குமுன் அசைந்தால்
நீ கேட்கவில்லை, ஊகித்தாய்.
இயந்திரம் துப்பிய சீட்டில்
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்பது எட்டு.

அல்சூர் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தது:
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
ஒற்றுக்கு அரை.
மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரை.
'போன்ம்' என்று சொல்லிப் பார்த்தால்
உதடு மூடுமுன் தீர்ந்துபோகிற ம்.
அதுதான் எங்கள் கணக்கில் கடைசிப் பொடிச் சில்லறை.
அவள் தப்பியிருக்க வேண்டிய இரண்டு மில்லிநொடிக்கு
பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அட்டையை அவள் முன்னால் நீட்டினேன்.
அட்டையைப் பார்க்கவில்லை அவள்.
என்னைப் பார்த்தாள்,
உருக்குக் கம்பி போட்டதாகச் சொன்ன தாலிக்கொடியை
நான் உரசிப் பார்க்கும்போது
கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் பார்ப்பதுபோல.
சீட்டைக் கேட்டாள், சைகையில்.
காட்டினேன். கொடுக்கக்கூடாது, கோப்புக்குப் போக வேண்டும்.
விரலால் அந்த எட்டின் இரண்டு சுழிகளையும் வரைந்துவிட்டு
நகர்ந்தாள்.

கையில்லாத சட்டையோடு,
முள்காலணி சிமெண்டில் கிறீச்சிட,
ஓடுதளத்துக்கு வெளியே
நூறு மீட்டரையும் நடக்கத் தொடங்கினாள்.

பாதி வழியில் பார்த்தேன்:
ஆறாம் எண் கூடைக்காரப் பையன்
வரிசையை விட்டு எதிர்ப்பக்கம் ஓடிவருகிறான்,
கூடையை நெஞ்சோடு அணைத்து, செருப்பு ஒன்று கழன்று.
யாரோ கன்னடத்தில் கத்துகிறார்கள்.
அதே நேரம் மறுபடி வெடி,
ஏழு பேர் அவர்களைக் கடந்து போகிறார்கள்.
அந்தப் பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று
நாளிதழில்தான் படித்தேன்.
அவள் நின்றபடியே
மேல்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள், தலைகீழாக;
பையன் வாழைப்பழத்தை நீட்டிக்கொண்டிருந்தான்.

ஒன்றை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.
கௌடரோடு பதினொரு வருஷம் நின்றிருக்கிறேன்.
விசையை அழுத்துமுன் அவர்
மூக்கால் ஒரு சின்ன மூச்சு விடுவார்.
அதைக் கேட்டதுமே
என் வலது குதிகால் தரையிலிருந்து எழும்பிவிடும்,
ஒவ்வொரு முறையும்,
வெடிக்கு முன்பே.

ஆறாம் தடம்தான் அவருக்கு நேர் எதிரே.
அவளுக்கும் கேட்டிருக்கும்.

என் செருப்புக்கடியில் கருவி எதுவும் இல்லை.