சமதளத்தில் வையுங்கள்

டேப்லெட் வாங்கியது காட்பாடியில், பழைய சாமான் கடையில்,
இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.
பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர்:
மு. தருணேஷ், ஏழு 'இ'.
நகத்தால் சுரண்டினேன். பெயர் போயிற்று,
ஏழு போகவில்லை.

காக்பிட்டில் வெல்க்ரோ வைத்து ஒட்டினோம்.
காக்பிட் என்றால்
அலுமினியக் குழாய்கள், இழுத்துக் கட்டிய நைலான் துணி,
ராணிப்பேட்டைப் பட்டறையில் கடைந்த போல்ட்டுகள்,
இவற்றுக்கு நடுவே என் முழங்கால்கள் மிச்சம் வைத்த இடம்.

உயரம் சொன்னது. திசை சொன்னது.
மேலே நீலம் கீழே பழுப்பு என்று
உள்ளங்கை அகல அடிவானம் ஒன்றை வரைந்து
நான் சாயும்போதெல்லாம் தானும் சாய்ந்தது,
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்குவதுபோல.

வேகத்தில்தான் வழக்கு.
அதற்குத் தெரிந்தது கீழே தரை ஓடும் வேகம்,
இறக்கை கேட்பது காற்று.
முதுகில் காற்று தள்ளினால்
திரையில் எண்பது, இறக்கையில் அறுபது.
அந்த இருபதுக்குள் எங்கோ
ஒரு விழுதல் குடியிருக்கிறது.

ஜெயசீலி ஆஸ்பத்திரியில் மானிட்டர்கள் பழுது பார்ப்பவள்,
விமானத்தில் பாதிப் பங்கு, கடனில் பாதிக்கு மேல்.
இறக்கைத் தாங்கியில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி
காற்றின் அழுத்தத்தை ப்ளூடூத்தில் திரைக்கு ஏற்றினாள்.
அப்படியும் நம்பாமல்
முன்கண்ணாடியில் ஒரு சாண் சிவப்புக் கம்பளி நூல்,
திரைக்குக் கீழே கொத்தனாரின் ரசமட்டம்,
தொண்ணூறு ரூபாய், பில்லோடு.
சிரித்தேன்.

"வார்டில் மானிட்டர் அணைந்தால்
நர்ஸ் முதலில் என்ன செய்வார் தெரியுமா?"
"உன்னைக் கூப்பிடுவார்."
"இல்லை. கட்டிலைப் பார்ப்பார்."

மே மாதம், சனிக்கிழமை, காலை எட்டே முக்கால்.
பொன்னையாற்று மணலுக்கு மேல் அறுநூறு அடி.
அதற்குள்ளேயே பாறை மலைகள் கொதித்து
சூட்டை மேலே வீசின, ஒவ்வொன்றும் ஓர் உதை.
அப்போது உயரத்தை மறைத்துக்கொண்டு
மணியடித்து எழுந்தது:
*தருணேஷ், ஒன்பது மணிக்குக் கணக்கு டியூஷன்.
காம்பஸ் பாக்ஸ் எடுத்துக்கொள்.*
கீழே இரண்டு பொத்தான்கள்.
'முடிந்தது'. 'பிறகு நினைவூட்டு'.

அறுநூறு அடியில் 'முடிந்தது' என்பதைத் தொட
எனக்கு விரல் வரவில்லை.

இரண்டாவதைத் தொட்டேன்.
அடுத்த நிமிடம் இன்னொரு பெட்டி:
சூடு அதிகம், ஆறிய பின் பயன்படுத்தவும்.
பிறகு கறுப்பு.
கறுப்பில் என் மூக்கு, என் கண்ணாடி,
கண்ணாடிக்குள் ஒரு துண்டு வானம்.

நீலமும் பழுப்பும் போய்விட்டன.
தலையைத் தூக்கினேன்.
திருவலத்து இரும்புப் பாலம்
ஆற்றின் குறுக்கே நேர்க்கோடாய்க் கிடந்தது.
அதை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.
நூலின் வால் இடப்பக்கம் போனது,
வலது காலை அழுத்தினேன்.
கம்பிகளில் காற்றின் விசில் தணிந்தபோது
மூக்கைத் தாழ்த்தினேன், விசில் ஏறியது.
எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் தெரியாது.
அந்த விசிலுக்கு இருந்தால் இருப்பேன், அவ்வளவுதான்.

ஏரித்தரையில் இரண்டு முறை குதித்து
மூன்றாவதில் உட்கார்ந்தேன்.

ஜெயசீலி ஒன்றும் கேட்கவில்லை.
ஐஸ் பெட்டியில் நுங்குக்குப் பக்கத்தில்
டேப்லெட்டைப் படுக்க வைத்தாள்.
அது கண் திறந்ததும் சொன்னது:
நிலை தவறிவிட்டது, சமதளத்தில் வையுங்கள்.

சமதளம்.
பாளம் பாளமாய் வெடித்த ஏரியில் தேடினோம்.
ஜீப் பானெட், சரிவு.
பெட்ரோல் கேன், ஆட்டம்.
கடைசியில் ஐஸ் பெட்டி மூடியின் மேல்,
ஒரு மூலைக்குத் தீப்பெட்டி முட்டுக் கொடுத்து
ரசமட்டத்தைப் பக்கத்தில் வைத்தாள்.
குமிழி நகர்ந்தது, யோசித்தது,
இரண்டு கோடுகளுக்கு நடுவே வந்து நின்றது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை நீட்டினாள்.

மணியடித்தது.
தருணேஷ், கணக்கு டியூஷன்.

மூடி அதிர்ந்து
குமிழி மறுபடி ஓரத்துக்கு ஓடியது.