முப்பது கண்ணி

அப்பாசியாவில் ஜனவரிக் குளிர்
தரை வழியாகத்தான் ஏறும்.
டைல்ஸில் கால் வைத்தால்
மீன்கடை ஐஸ் மேல் நிற்கிற மாதிரி.
ரப்பர் செருப்புப் போட்டு நடந்தால்
தப்பு, தப்பு என்று
அடிக்கு ஒருமுறை அதுவே குற்றம் சொல்லும்.

எங்கள் அறைக்கு மூன்று பக்கம் சுவர்.
நான்காவது பிளைவுட்.
அதற்கு அந்தப் பக்கம் ஒருவன்
பகலில் தூங்குகிறான்.
ராத்திரி ஏதோ கிடங்குக்குக் காவல்.
முகம் பார்த்ததில்லை.
பொது ஃப்ரிட்ஜில் அவன் பால் டப்பாவில்
தில் பகதூர் என்று எழுதியிருக்கும்,
கீழே அழுத்தி ஒரு கோடு.
நான் நடந்தால் பலகையில் தட்டுவான்,
இரண்டு தட்டு.
கோபமான தட்டு இல்லை.
மருந்துக்கடைக் கண்ணாடி மேல்
சில்லறையால் தட்டிக் கூப்பிடுகிற தட்டு.

ஆகவே குரோஷே.
நாலரை மில்லி கொக்கி ஒன்று,
முந்நூற்றைம்பது ஃபில்ஸுக்கு ஒரு கண்டு,
கடையில் யாரும் எடுக்காத நிறம்.
போனில் ஒரு பெண் சொல்லித் தந்தாள்.
பிரேசிலோ போர்ச்சுகலோ,
கை மட்டும்தான் தெரியும்.
பேச்சு புரியாது, எண்ணிக்கை புரியும்.

கால்விரல் பக்கமிருந்து தொடங்க வேண்டும்.
ஒரு வளையம், அதற்குள் ஆறு கண்ணி.
ஆறு பன்னிரண்டாகும்,
பன்னிரண்டு பதினெட்டு,
முப்பதில் நிறுத்தினால்
விரல் ஐந்தும் உள்ளே போய்
ஒன்றையொன்று நலம் விசாரிக்கும்.
அப்புறம் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்,
பன்னிரண்டு சுற்று.
பிறகு மேலே வாயைத் திறந்து விட்டு
போய்த் திரும்பி, போய்த் திரும்பி
குதிகால் வரை.
மடித்துச் சேர்த்துத் தைத்தால் செருப்பு.

இடது கால் செவ்வாய்க்கிழமை முடிந்தது.
வலது காலைப் பிடித்த அன்று
அருளப்பன் வந்து சொன்னார்,
கம்பெனி இந்த மாதமும் பாதிதான் போட்டிருக்கிறதாம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எண்ணிக்கையும் தப்பவில்லை, முப்பதேதான்.
ஆனால் நூல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.
பக்கத்தில் வைத்துப் பார்த்தால்
வலது ஒரு விரல் சின்னது,
அட்டை மாதிரி விறைப்பு.

பிரித்துவிடு என்றார்.
அவர் ஜன்னல் கண்ணாடி பொருத்துகிறவர்,
இரண்டு மில்லி பிசகினால்
முழுப் பலகையும் கீழே இறங்கும்.
நான் பிரிக்கவில்லை.
அந்தச் சாயங்காலத்தை இன்னொரு முறை எண்ண
எனக்குப் பொறுமையில்லை.
நனைத்து, துவரம்பருப்புப் பொட்டலத்தை உள்ளே திணித்து
ராத்திரி முழுக்க வைத்தேன்.
கொஞ்சம் இறங்கி வந்தது.

போட்டு நடந்தால் வழுக்கியது.
மண்டை உடையப்போகிறது என்று
சைட்டிலிருந்து பாதிக் குழாய் சிலிக்கான் கொண்டுவந்து
அடியில் குறுக்குக் கோடு போட்டார்,
நாக்கைக் கடித்துக்கொண்டு,
பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி.
இரண்டு நாள் அறையெல்லாம் வினிகர் நாற்றம்.
அதோடேயே சோறு தின்றோம்.

இப்போது நடக்கிறேன்.
எனக்கே தெரியாமல் நடக்கிறேன்.
குக்கர் எடுக்க,
துணி மடிக்க,
ஜன்னலில் தூசி ஏறிவிட்டதா பார்க்க.
பலகை பேசவில்லை.
ஒரு நாள். மூன்று நாள்.
நல்லதுதானே என்றேன்,
அறையில் யாருமில்லை.

நான்காம் நாள் காலை பதினொரு மணி.
கட்டிலில் சம்மணமிட்டு
வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன்,
கால் தரையிலேயே இல்லை.
தட்டு.
இரண்டாவது தட்டு.
கொஞ்சம் பொறுத்து, மெதுவாக,
இன்னொன்று.

மூன்றாவதை இதற்கு முன் கேட்டதில்லை.
அதற்கு என்ன பதில்,
எந்தப் பாஷையில்.
தலையணைக்கடியில் கிடந்த கொக்கியை எடுத்து
தரையில் போட்டேன்.
அலுமினியம்,
நன்றாகவே கேட்டது.
பலகைக்கு அந்தப் பக்கம்
ஒரு கட்டில் கிரீச்சென்று
புரண்டு படுத்தது.