சமாளிக்கிறன்

பெயர் சொல்லக் கூடாது, எண் மட்டும்.
எண்ணைச் சொன்னேன்.
ஜீலாங்கில், சலவை இயந்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு,
படுக்கையறைக் கதவைச் சாத்தி
கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.
அவர்கள் இருவரும் டாண்டினாங்கில்.
இரத்தினசிங்கம், எழுபத்து நான்கு, தனியாள்.
பிரான்வின், வீட்டு உதவி
எத்தனை மணி நேரம் என்று அளக்க
அரசாங்கம் அனுப்பியவர்.
நான் அவர்கள் மேசைமேல், ஒலிபெருக்கியில்,
அநேகமாகச் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில்.

கூட்டக் கூடாது. குறைக்கக் கூடாது.
அவர் 'நான்' என்றால் நானும் 'நான்'.
அப்படித்தான் அந்த நாற்பத்தேழு நிமிடம்
இடது கால் மரத்தவளாக,
ஸ்பிரிங்வேலில் மனைவியை எரித்தவளாக இருந்தேன்.

குளிக்க முடிகிறதா?
சமாளிக்கிறன்.
சமைக்க?
சமாளிக்கிறன்.
கடைக்குப் போக, குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுக்க,
இரவில் எழும்ப?
அதெல்லாம் சமாளிக்கிறன்.

ஒவ்வொரு தடவையும் 'ஐ மேனேஜ்' என்றேன்.
அகராதிப்படி சரி. தேர்வில் முழு மதிப்பெண்.
ஒவ்வொரு தடவையும் அங்கே ஒரு தட்டல், ஒரு கட்டம் நிரம்பியது.
அந்த மொழியில் அந்தச் சொல்
சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்கிறது.
நம் மொழியில் அது
பானையின் ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு
வந்தவரைப் பார்த்துச் சிரிக்கிறது.

மருந்துச் சீட்டை எடுத்துவர எழுந்தார்.
கதிரை இழுபட்டது.
செருப்பு. நிறுத்தம்.
செருப்பு.
நிறுத்தம்.
'அவசரமில்லை' என்றார் பிரான்வின்.
அதை யாருக்குப் பெயர்ப்பது?
அறையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விதிகளில் எங்களுக்கு ஒரு சிறிய கதவு உண்டு.
'மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறார்.'
என்னை நானே படர்க்கையில் நிறுத்திச் சொல்லவேண்டிய வாக்கியம்.
பதினோரு வருடத்தில் மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.
சொன்னேன்.
இந்தச் சொல்லை முடிகிறவர்களும் சொல்வார்கள்,
முடியாதவர்கள்தான் அதிகம் சொல்வார்கள் என்றேன்.
பிறகு அதையே தமிழில் அவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது,
அவரைப் பற்றி அவரிடமே கோள் மூட்டுவதுபோல.

தட்டல் நின்றது.
'எப்படிச் சமாளிக்கிறீர்கள்?'
எங்கோ புல்வெட்டும் இயந்திரம் ஓடி அணைந்தது.

சனிக்கிழமையில மட்டும் குளிக்கிறன்.
பக்கத்து வீட்டு ஆப்கான் பெடியன் அண்டைக்குத்தான் வீட்டில நிப்பான்.
கதவு பூட்டுறேல்லை.
விழுந்தால் தட்டுறதுக்கு ஒரு தகர வாளி.
சோறு மூண்டு நாளைக்கு ஒருக்கா, கதிரையில இருந்துகொண்டு.
ராவில எழும்பத் தேவையில்லை,
நாலு மணிக்குப் பிறகு தண்ணி குடிக்கிறேல்லை.
போன மாசம்

'போன மாதம்' என்று நானும் நிறுத்தினேன்.
அவர் தொடரவில்லை.
கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

எத்தனை மணி நேரம் கிடைத்ததென்று
எனக்கு யாரும் அறிவிக்கப் போவதில்லை.
கடிதம் வர மாதங்கள் ஆகலாம் என்றார் பிரான்வின்.
மாதங்கள் ஆகலாம் என்றேன்.
'ஓம், பாப்பம்' என்றார்.
அதற்கு ஆங்கிலம் தேடியதில் இரண்டு வினாடி போனது.

வைக்கப் போகும்போது கேட்டார்:
'தங்கச்சி, நீங்கள் எந்த ஊர்?'
என்னைத்தான்.
காதில் விழுந்ததெல்லாம் பெயர்க்க வேண்டும், பெயர்த்தேன்.
தன்னைக் கேட்டதாக நினைத்து
'பல்லாரட்' என்றார் பிரான்வின், சந்தோஷமாக.
'பல்லாரட்' என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
'சரியான குளிர் என்ன அங்க' என்றார்.