நானூறு கிராம்

ஹட்டனில், ஆணியும் கூரைத்தகடும் விற்கும் கடைக்கு மேல்மாடி.
மத்திய மலைநாட்டுத் தொழில்முறைக் குத்துச்சண்டைச் சபை.
பலகையில் இடம் போதாமல்
'சபை' மட்டும் அடுத்த வரியில் தனியாக நிற்கிறது,
வகுப்புக்கு வெளியே நிறுத்திய பையன் மாதிரி.

நான் செயலாளர்.
எங்களுக்கு ஒரு முத்திரை உண்டு. சண்டையின் ஐகாரம் தேய்ந்து
மூன்று வருஷமாகக் 'குத்துச்சண்ட' என்றே பதிகிறது.
தலைவர் புஷ்பநாதன் அதைப் பார்த்துச் சிரிப்பதில்லை,
புதிது வாங்கக் காசும் ஒதுக்குவதில்லை.
பிஸ்கட் டின்னுக்குள் ஒரு சாம்பியன் பட்டி.
அப்புறம் தராசு.
கண்டியில் பதினெட்டாயிரம் கொடுத்து வாங்கி
அளவைத் திணைக்களத்தின் பச்சை ஒட்டுத்தாளோடு
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
கினிகத்தேனை வளைவுகளில் எனக்குத்தான் வாந்தி.
அது அசையவில்லை.

வெள்ளிக்கிழமை நிறை பார்த்தோம்.
பண்டாரவளை செபமாலை, அறுபத்தொன்று.
இறங்கிய கையோடு ஒரு வாழைப்பழம் உரித்தான்.
அடுத்து டிக்கோயா தர்மசீலன்.
காலுறையைக் கழற்றினான். தாயத்தைக் கழற்றினான்.
துண்டு பிடித்து மறைக்கச் சொல்லி மிச்சத்தையும் கழற்றினான்.
அறுபத்தொன்று புள்ளி ஆறு.
எல்லை, புள்ளி இரண்டு.

கீழே யாரோ தகடு வெட்டுகிற சத்தம்.

"எங்கம்மா கொழுந்துல
சாக்குக்குன்னு ஒரு கிலோ, ஈரத்துக்குன்னு ஒரு கிலோ,
மழையே பெய்யாத நாள்லயும் கழிச்சாங்க சார்.
இருபது வருஷம்.
எனக்கு ஒரு நானூறு கிராம் கழிக்க மாட்டீங்களா?"

விதிக்கோவை, பிரிவு ஒன்பது.
கழிவு என்ற சொல்லே அதில் கிடையாது.
நான்தான் எழுதினேன், அதனால் தெரியும்.
எழுதும்போது எதை நினைத்தேன் என்பதும் தெரியும்:
அரைப்பேர் விழுந்த நாளில்
என் அம்மா அடுப்புப் பற்றவைத்த விதம்.

இரண்டு மணித்தியாலம் அவகாசம். அது பிரிவு பத்து.
மழைக்கோட்டின் மேல் உரச்சாக்கை மாட்டிக்கொண்டு
ரயில் பாதையோரமாக ரொசல்லைப் பக்கம் ஓடினான்.
பதுளை ரயிலிலிருந்து வெள்ளைக்காரர்கள் படம் பிடித்தார்களாம்.
துப்பினான். மொட்டையடித்தான்;
மயிர் ஐம்பது கிராம்கூட வராது தம்பி என்று
சலூன்காரர் அப்போதே சொன்னாராம்.
வந்து ஏறினான்.
புள்ளி மூன்று.

தலைவர் ஜன்னலைப் பார்த்தார்.
டொக்டர் ஹேவகே கைகளைத் தேய்த்துக்கொண்டு
இரண்டு முட்டை எடைதானே என்றார், சிங்களத்தில்.
செபமாலை இரண்டாவது வாழைப்பழத்தில் இருந்தான்.
நான் பேனையைத் திறந்தேன்.
அறுபத்தொன்று புள்ளி மூன்று. பட்டத்துக்குத் தகுதியில்லை.
முத்திரை.
குத்துச்சண்ட.

சனி இரவு, மூடுபனி கயிற்றுக்குள்ளும் வந்து நிற்க,
ஐந்தாம் சுற்றில் செபமாலையை விழுத்தினான்.
நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை
அவன் மொட்டைத்தலை ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
பட்டி டின்னை விட்டு வெளியே வரவில்லை.
அன்றிரவு என் கதவில் ஒரு கல் விழுந்தது.
ஒன்றுதான். சின்னது.

திங்கள் காலை பேச்சியம்மா வந்தார்.
வேலைக்குப் போகவில்லை, ஒரு பேர் நட்டம்.
ஏசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
உட்காரவில்லை. தராசை ஒருமுறை சுற்றி வந்தார்.
கொழுந்துக் கறை கறுத்த விரலால்
பச்சை ஒட்டுத்தாளைத் தடவினார்.
"இது ஒண்ணும் கழிக்காதா?"
"கழிக்காது."
"எம் புள்ளைக்கே கழிக்கல?"
"இல்லம்மா."
"அப்ப ஒரு மாசத்துக்கு இத எங்க மலைக்குக் குடுங்க."

கூட்ட அறிக்கை, விடயம் நான்கு:
தராசு இரவல் கோரிக்கை, வாய்மொழியாக.
தலைவர்: விதியில் இதற்கு இடமில்லை.
டொக்டர்: மறுக்கவும் இடமில்லை.
தீர்மானம் என்ற கட்டத்தில்
இன்னும் ஒன்றும் எழுதவில்லை நான்.
தர்மசீலன் விட்டுப்போன உரச்சாக்கில் சுற்றி
தராசைக் கதவுப் பக்கமாக
நகர்த்தி வைத்திருக்கிறேன்.